யாரும் போடாத சுவிட்ச்

ஆயுதபூஜை லீவு முடிந்து ஆபீஸ் திறந்த காலையிலேயே கீழ்மாடியில் கலவரம். ஆபீஸ் கம்ப்யூட்டர்களின் பெயர்களையெல்லாம் காட்டும் 'நெட்வொர்க் நெய்பர்ஹூட்'டைத் திறந்தால், மேனேஜர்கள் இருக்கும் மேல்மாடியின் கம்ப்யூட்டர் ஒன்றைக்கூடக் காணோம்! கீழே இருப்பவற்றின் பெயர்கள் மட்டும் நின்றன.

அது ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த கோரமங்களா முழுக்க சீட்டுக் கிழிந்துகொண்டிருந்த வருஷம். சும்மா இருப்பார்களா? "நம்மளக் கழட்டி விடப் போறாங்க. அதான் மொதல்ல மேல்மாடியக் கண்ணுலேர்ந்து மறைச்சுட்டாங்க" என்று டெஸ்டிங் ஆட்கள் குசுகுசுத்தார்கள். மறைக்கத் தெரிந்தவள் யார்? நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் யூனிஸ்தானே!

டெஸ்டிங் தலைவர் சிவசங்கரன் நேராகவே கேட்டுவிட்டார். "ஏம்மா யூனிஸ், மேல என்ன சொன்னாங்க? எங்ககிட்ட மட்டும் சொல்லிடு, மனசத் தேத்திக்கிறோம்."

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது சார்."

அவர் தலையாட்டிய விதத்திலேயே நம்பவில்லை என்று தெரிந்தது. தினமும் ஒரே டேபிளில் சாப்பிடுகிற கூட்டம், இவள் டீக்குப் போனதும் கப்பென்று வாயை மூடிக்கொண்டது. யூனிஸுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இருங்க, கண்டுபிடிச்சுக் காட்டறேன் என்று சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

மேல்மாடி மிஷின் ஒன்றை அதன் நம்பரைப் போட்டுக் கூப்பிட்டாள். பதில் வந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அப்படி யாருமே இல்லை என்றது. ஆக, ஒயரில் கோளாறில்லை. இரண்டு மாடியும் தனித்தனி சப்நெட், அதாவது தனித்தனி வலை. ஒரு மாடியின் பெயர்கள் இன்னொரு மாடிக்குத் தெரிய வேண்டுமென்றால், எல்லார் பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு கம்ப்யூட்டர் ராப்பகலாக ஓட வேண்டும். அது யுபிஎஸ் அறையில் இருந்தது.

ஓடிப் போய்ப் பார்த்தாள். அணைந்து கிடந்தது. தானாக அணைந்ததா? மண்ணாங்கட்டி! சுவர் சுவிட்சையே யாரோ நிதானமாக அணைத்திருந்தார்கள். எல்லா மிஷினிலும் இருந்த சந்தனமும் குங்குமமும் இதிலும் இருந்தது. கண்ணில் பட்டும் மனசில் ஏறவில்லை. அறைச் சாவி இவளிடம் ஒன்று, சிவசங்கரனிடம் ஒன்று. அது மட்டும்தான் ஏறியது. ஓஹோ! அணைத்துப் பழியை என் மேல் போட்டுவிட்டு, என்னிடமே வந்து துக்கம் விசாரித்தாரா அந்த மனுஷன்?

சுவிட்சைப் போட்டுவிட்டு வந்தால், மேனேஜர் ரகுராம் படியிறங்கி வந்து நின்றார். "யார் வேலை இது?"

"சிவசங்கரன் சாரைக் கேளுங்க" என்றாள், எல்லார் முன்னாலும். மனசு குளிர்ந்தது.

சிவசங்கரன் எழுந்தார். "நான்தான் அணைச்சேன் சார். பூஜை அன்னிக்கு எல்லாத்தையும் அணைச்சுப் பொட்டு வெச்சோம். யூனிஸ் சர்ச்சுக்குப் போற பொண்ணு, அன்னிக்கு வரல. அவ மிஷின் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சுன்னு அதுக்கும் வெச்சேன். காலையில அவங்கவங்க மிஷினை அவங்கவங்க போட்டுக்கிட்டாங்க. அதைப் போட ஆளில்லைன்னு எனக்குத் தோணவே இல்ல."

"சார், சும்மா ஒரு சுவிட்ச்தான் சார்! போட்டாச்சு, கொஞ்ச நேரத்துல எல்லாப் பேரும் வந்துடும்" என்று யூனிஸ் ரகுராமிடம் பதறினாள்.

ரகுராமுக்குக் கோபமே வரவில்லை. படியருகே இவளைத் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தேங்க்ஸ் யூனிஸ். டெஸ்டிங்ல யாரை மொதல்ல அனுப்பறதுன்னு மேல முழிச்சுக்கிட்டிருந்தோம். இப்ப ஒரு காரணம் கெடைச்சிருச்சு." மேலே ஏறிப் போய்விட்டார்.

திரும்பினால், சிவசங்கரன் இரண்டு டீயோடு நின்றுகொண்டிருந்தார்.

"உன்னைப் போய் சந்தேகப்பட்டுட்டேன் பாரு. மனசுல வெச்சுக்காதம்மா."