முழங்கை

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளை இழுத்துப்போட்டுக்கொண்டிருந்தவள் நின்றபடியே கண்ணயர்ந்தாள். இஸ்திரி போடும் அக்கா அவள் இடுப்பில் கிள்ளினாள்.

"ராத்திரி பூரா அப்படி என்னடி வேலை? புதுசா கல்யாணம் ஆனவ மாதிரி."

"விடிய விடிய அவரு விலாவுல இடிக்கிற வேலைக்கா. குறட்டை விட்டுட்டே இருப்பாரு, பட்டுனு மூச்சு நின்னுடும். முழங்கையால ஒரு இடி இடிச்சா மறுபடி விடுவாரு."

"எம் புருஷனுக்கு நின்னா நான் இடிக்க மாட்டேம்மா."

இருவரும் சிரித்தார்கள்.

அவள் புருஷன் வெல்டர். இதயம் தாளம் தப்பித் துடிக்கிறதென்று மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்தார்கள். சரியானது ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. பழைய குருடி, கதவைத் திறடி. அது அடங்கும்வரை பட்டறைப் பக்கம் வராதே என்று முதலாளி சொல்லிவிட்டார். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதுதான் இதயத்தைக் கெடுக்கிறதோ என்று டாக்டருக்குச் சந்தேகம். மூக்கில் குழாய், மார்பில் பட்டை, விரலில் கிளிப் என்று ஒரு கருவியைக் கொடுத்து, வீட்டிலேயே மாட்டிக்கொண்டு தூங்கச் சொல்லியிருந்தார். நேற்று ராத்திரி மாட்டிக்கொண்டான்.

வேலை முடிந்ததும் அவளும் புருஷனும் முடிவு கேட்கப் போனார்கள். பரிசோதனைக்காரர் கணினியைப் பார்த்தபடி சொன்னார்.

"லேசாத்தான் இருக்கு. இதுக்கெல்லாம் தூக்கத்துல மூச்சு நிக்காம காத்து குடுக்கற மெஷினை இன்சூரன்ஸ்ல தர மாட்டாங்க."

"லேசாவா? நின்னப்பல்லாம் நான் இடிச்சு எழுப்பிட்டே இருந்தேன் சார்."

அவர் நாற்காலியைத் திருப்பினார். "நேத்துமா?"

"என்னைக்கும்தான்."

"நீங்க எழுப்பிட்டா கருவிக்கு எப்படிம்மா தெரியும்? இன்னைக்கும் கொண்டு போங்க. அவரைத் தொடாதீங்க. வேற ரூம்ல படுங்க."

வெல்டர் அப்போதுதான் வாயைத் திறந்தான். "இருக்கறதே ஒரு ரூம் சார். அதுலயும் பாதி கட்டில்."

"மூச்சு நின்னா?" என்றாள் அவள்.

"தானா வந்துடும்மா. வர்ற வரைக்கும் கருவி குறிச்சுக்கும்."

வெளியே வந்ததும் சொன்னாள். "பக்கத்துல படுத்துட்டுக் கையைக் கட்டிக்க என்னால ஆகாதுங்க."

காலை ஷிஃப்ட் பார்த்த கையோடு ராத்திரி ஷிஃப்டும் கேட்டாள். "கேட்டு வாங்கற மொத ஆளு நீதான்" என்று மேற்பார்வையாளர் பெயரை எழுதிக்கொண்டார்.

பொழுது சாய்ந்ததும் புருஷனின் மார்பில் பட்டையை இறுக்கிக் கட்டினாள். மூக்குக் குழாயைச் சரிசெய்தாள். கிளம்ப மனமில்லாமல் கதவருகே நின்றாள்.

"போயிட்டு வா. நான் நல்லா மோசமா தூங்கிடறேன்."

சாப்பாட்டு இடைவேளையில் அவள் சாப்பிடவில்லை. அழுக்குத்துணி மூட்டைகளுக்கு நடுவே சாய்ந்தவள் அப்படியே உறங்கிப்போனாள். இடைவேளை முடிந்து மணி அடித்ததும் மேற்பார்வையாளர் எழுப்ப வந்தார். தூக்கத்திலேயே அவள் முழங்கை பக்கத்து மூட்டையை ஒரு இடி இடித்தது. சற்றுக் காத்திருந்தது. பிறகு, முன்னைவிட பலமாக, மறுபடி இடித்தது.