சந்தனம் வைத்த கேமரா

உழுதவனிடமே நிலம் போய்ச் சேர்ந்த திருநாள் என்று வலங்கைமான் வட்டாரம் பொன்னெழுத்தில் பொறித்துக்கொள்ள வேண்டிய அந்த ஆயுத பூஜையன்று, மிராசுதார் ரெத்தினமும் அவருடைய பண்ணையாள் தங்கையனும் ஒரே பட்டாவை ஆளுக்கொரு முனையில் பிடித்தபடி அசையாமல் நின்றார்கள். மூன்று வருஷம் நின்றார்கள். கேமராவின் ஷட்டர் மூடாததுதான் காரணம்.

நில உச்சவரம்புச் சட்டம் வந்திருந்த சமயம். கோயில் யானை உட்படப் பல பெயர்களில் நிலத்தை எழுதிவைத்தது போக, மூன்று மா நிலத்தைத் தங்கையனுக்குக் கொடுப்பதாக ரெத்தினம் மேடை போட்டார். படம் பேப்பரில் வந்ததும் பட்டாவைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு; தங்கையனிடமும் சொல்லியாகிவிட்டது. திருவிடைமருதூர் ஸ்டூடியோக்காரர் ஜெக்கரியா, தம் வாப்பா விட்டுப்போன பழைய துருத்திக் கேமராவை மூன்று கால் ஸ்டாண்டில் நிறுத்தினார். பண்ணைக் காரியக்காரர் தங்கமணி டிராக்டருக்கு வைத்த கையோடு கேமராவின் நெற்றியிலும் சந்தனத்தை அப்பினார். பெரிய இடத்தில் வேண்டாம் என்று சொல்ல ஜெக்கரியாவுக்கு நாக்கு எழவில்லை. கட்சியின் வட்டச் செயலாளர், தமக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று அறிவித்துவிட்டுப் பொரிகடலையை மட்டும் வாங்கிக்கொண்டார். சந்தனம் வழிந்து லென்சைச் சுற்றியிருந்த இடுக்கில் இறங்கியது. ஷட்டர் திறந்தது, அதன் இதழ்கள் அப்படியே ஒட்டிக்கொண்டன. ஐயா அசையாதவரை அந்தப் பண்ணையில் யாரும் அசைவதில்லை என்பதால் சாயங்காலம் வரை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. செயலாளர் இன்னொரு முறை பேசினார்.

பெட்ரோலில் நனைத்த பஞ்சால் துடைத்தால் சரியாகிவிடும் கோளாறுதான். ஜெக்கரியா குப்பியோடு வந்தபோது தங்கையனின் மனைவி அம்சவல்லி வழிமறித்தாள். பட்டா தங்கையன் கையில் இருக்கிறவரை அனுபோகம் அவனுக்கே என்று தாசில்தார் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"இப்பத் தொடாதீங்க பாய். நாத்து விட்டிருக்கேன்."

ஜெர்மனியிலிருந்து ஸ்பிரிங் வர வேண்டும் என்று ஜெக்கரியா காரியக்காரரிடம் சொன்னார். மூன்று வருஷமும் அது வந்துகொண்டே இருந்தது. கேமராவுக்கு மேலே கீற்றுக்கொட்டகை போட்டார்கள். அம்சவல்லி குறுவையும் அறுத்தாள், சம்பாவும் அறுத்தாள். தினமும் புருஷன் முகத்தைத் துடைத்து, தோளில் உட்கார்ந்த காக்கையை விரட்டினாள். இரண்டாம் வருஷத்து ஐப்பசிப் புயலில் மிராசுதாரின் மக்கிப்போன வேட்டி பறந்துவிட்டது. புதிது கட்டிவிட, ஐயாவின் இடுப்பைத் தொடும் உரிமை யாருக்கு என்று பங்காளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு வாய்தாவில் நின்றது.

மூன்று வருஷம் கழிந்து, தை அறுப்பும் முடிந்ததும் அவள் ஸ்டூடியோவுக்கு வந்தாள்.

"நேத்து தொடைக்கிறப்ப அவரு கண்ணுல தண்ணி வந்துச்சு பாய். உள்ளுக்குள்ள முழிச்சிக்கிட்டுத்தான் நிக்கிறாரு போல."

"மூடுனா ஐயா பட்டாவப் புடுங்கிடுவாரும்மா."

"நான் பக்கத்துல நிக்கிறேன். கெட்டியாப் புடிச்சுக்கங்கன்னு சொல்றேன். நீங்க மூடுங்க."

ஜெக்கரியா குப்பியோடு பண்ணைக்குப் போய் இதழ் இதழாகத் துடைத்தார். காய்ந்த சந்தனம் பொடியாக உதிர்ந்தது. ஷட்டர் மூடிக்கொண்ட சத்தம் கேட்டதும் மிராசுதார் பட்டாவை வெடுக்கென்று இழுத்தார். விட்டுடாதீங்க என்று அம்சவல்லி கத்தினாள். தங்கையன் அவளைப் பார்த்தான், ஐயாவைப் பார்த்தான். பட்டாவை விட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். அப்புறம்தான் விழுந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை.

மூன்று வருஷ வெயிலுக்குக் கருகியிருக்க வேண்டிய பிலிம் சுத்தமாக வந்தது. தினமும் வந்துபோன அம்சவல்லி அதில் இல்லை; அசையாமல் நின்ற இருவர் மட்டும் இருந்தார்கள். படத்தை அவள் தாலுகா ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தாள். பட்டா தங்கையன் கையில் இருப்பது தெளிவாகத் தெரிகிறது என்று தாசில்தார் ஒப்புக்கொண்டார். ஆனால் ஐயாவை இந்தக் கோலத்தில் கோப்பில் சேர்ப்பது மரியாதையல்ல என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நிலம் பண்ணைக்கே போனது.

படம் ஸ்டூடியோ சுவரில் மாட்டியிருக்கிறது. மிராசுதார் பட்டாபட்டி டிரவுசரோடு நிற்கிறார். நாடாவுக்குப் பதிலாக அதில் சாக்குத் தைக்கிற சணல் கட்டியிருக்கிறது.