செவ்வாய்க்கிழமை நாற்காலி

ஹைட்ருன் மூன்றாவது மாடிப் படியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவை அடக்கம் செய்ய இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருந்தது. கறுப்பு உடைக்கு மேலே அவருடைய பழைய ஏப்ரனைக் கட்டியிருந்தாள். எல்லாம் அவர் வீட்டுக் கதவின் கைப்பிடியில் தொங்கிய அட்டையால் வந்த வினை. அட்டை எந்தக் கதவில் தொங்குகிறதோ அந்த வீட்டார் அந்த வாரம் படிகளைச் சுத்தம் செய்ய வேண்டும். செத்தவருக்கும் அதில் விலக்குக் கிடையாது.

கீழ் வீட்டு ஹேபர்லே அம்மாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"ஓரத்தையும் துடைச்சிடும்மா. உங்கப்பா ஓரத்தை விடவே மாட்டார்."

"எங்கப்பா போய் எட்டு நாளாச்சு. இன்னிக்கு அவருக்கு அடக்கம்."

"தெரியும்மா, நானும்தானே வர்றேன். முறைன்னா முறை. வேற யாராவது செத்திருந்தா அவரே வந்து அட்டையை மாட்டியிருப்பார்."

அது உண்மை என்பதுதான் ஹைட்ருனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஓரத்தையும் துடைத்தாள்.

கோட்ஹில்ஃபின் மகளாக இருப்பதே ஒரு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வெளியூர்க்காரர்களுக்கு உல்ம் நகரைச் சுற்றிக் காட்டுவார். மின்ஸ்டர் பேராலயத்தின் எழுநூற்று அறுபத்தெட்டுப் படிகளையும் எண்ணிக்கொண்டே ஏறவைப்பார். சுவரெல்லாம் ஓவியம் தீட்டிய பழைய நகர மன்றத்தின் முன்னும், ஓடையின் மேல் சாய்ந்து நிற்கிற வீட்டின் முன்னும் தன் அப்பன் வீட்டுச் சொத்துபோல நின்று பேசுவார். மின்ஸ்டருக்கு எதிரே நகராட்சி கட்டிய வெள்ளைக் கட்டடம் வந்ததும் நடை வேகமாகிவிடும். "இங்க பார்க்க ஒண்ணுமில்ல, வாங்க வாங்க."

அது வரவே கூடாது என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவர் அவர். அது வந்துவிட்டது. பத்தொன்பது வருஷமாக ஹைட்ருனுக்கு அங்கேதான் வேலை. கண்காட்சிக்கு வருகிறவர்களின் கோட்டையும் குடையையும் வாங்கி வைக்க வேண்டும். ஒரு தடவை வந்து பாருங்கள் என்று அவள் கேட்காத கிறிஸ்துமஸ் இல்லை. "அந்த ஃப்ரிட்ஜுக்குள்ள நான் கால் வைக்க மாட்டேன்" என்பார். கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

கடைசி நாளாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் கண்ணைத் திறந்தார். எதிர்ச் சுவரில் மின்ஸ்டரின் படம்.

"அந்தப் படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கு. புகார் எழுதிக் குடு."

"அப்பா, இப்பவா?"

"தேதி போடு."

கையை விட்டுவிட்டு, பையில் பேனாவைத் தேடியெடுத்து எழுதினாள். தேதி போட்டுவிட்டு நிமிர்ந்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

அடக்கத்தில் பாதிரியார் சுருக்கமாகப் பேசினார். எல்லோரும் ஆளுக்கொரு கை மண் போட்டுவிட்டு, கல்லறைக்கு எதிரே இருந்த உணவகத்துக்கு வந்தார்கள். காப்பியும், ஜடைபோலப் பின்னிச் சுட்ட இனிப்பு ரொட்டியும் வந்தன. நுர்த்தென் மேஜையோரம் வந்து நின்றாள். ஹைட்ருனுக்கு விடுமுறையான திங்கட்கிழமைகளில் கோட் வாங்கும் இடத்தைப் பார்த்துக்கொள்கிறவள். கையில் ரப்பர் போட்ட அட்டைக் கட்டு ஒன்று இருந்தது.

"அக்கா, குடுக்கலாமா வேணாமான்னு யோசிச்சேன். உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தார்."

பார்வையாளர்கள் கருத்து எழுதும் அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு புகார். வெள்ளை கண்ணைக் கூசவைக்கிறது. கண்காட்சி புரியவில்லை. போன தடவையும் புரியவில்லை. எல்லாம் அப்பாவின் கையெழுத்து. தேதிகள் எல்லாம் திங்கட்கிழமை.

"எங்கப்பாவா? உள்ளயா?"

"பதினொரு மணிக்கு டாண்ணு வந்துடுவார். கோட்டைக்கூடக் கழட்டிக் குடுக்க மாட்டார். நேரா உங்க நாற்காலிக்குத்தான் போவார்."

ஹைட்ருன் காப்பியைக் கீழே வைத்தாள். செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்த நாற்காலி ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருக்கும். சபித்துக்கொண்டே அதை வாசல் பக்கம் திருப்புவாள். பெருக்குகிறவளைத் திட்டியிருக்கிறாள். இதே நுர்த்தெனோடு ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறாள்.

"அப்ப, அதைத் திருப்பினது?"

"அவர்தான். கொஞ்ச நேரம் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கிட்டிருப்பார். ஜன்னல் முழுக்க மின்ஸ்டர் தெரியும்ல. 'இதை விட்டுட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்காளே, கழுதை'ன்னு திட்டிட்டுப் போவார்."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே!" அவள் மேஜையைத் தட்டியதில் கோப்பைகள் குலுங்கின. பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். "பத்தொன்பது வருஷம்! ஒரே ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா வாயில இருக்கற முத்தா உதிர்ந்துடும்?"

ஹேபர்லே அம்மாள் ரொட்டித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். "சாப்பிடும்மா."

கட்டின் கடைசி அட்டையில், அவர் மயங்கி விழுந்ததற்கு முந்தைய நாளின் தேதி இருந்தது.

கோட் வாங்கும் இடத்தின் நாற்காலி மறுபடியும் தவறான பக்கம் பார்க்கிறது. திருத்தியுள்ளேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஹைட்ருன் வேலைக்குத் திரும்பினாள். அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டாள். நாற்காலி, அப்பா மயங்கி விழுந்து அவள் விடுப்பில் போன அன்று காலை திருப்பிவிட்டபடியே, வாசலைப் பார்த்து இருந்தது.

முதலில் வந்தவர் ஈரக் குடையை நீட்டினார். அவள் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே வாங்கினாள்.