மண்ணில் தங்காத வீரையா

ஹுன்னஸ்கிரியவுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்ட வீரையா, மறுநாள் காலையில் பெட்டியோடு மேலே வந்திருந்தார். மூடி திறக்கவில்லை, மாலைகூடக் கலையவில்லை. மண் அவரைப் பத்திரமாகத்தான் தூக்கி வைத்திருந்தது. பன்றி கிளறியிருக்கும் என்று ஆட்கள் மறுபடி குழிவெட்டி இறக்கினார்கள். தப்பு மேளமும் மறுபடி அடித்தார்கள். அடுத்த நாளும் வந்துவிட்டார்.

காரணம் அவரேதான். மயானத்துச் சரிவை மழை அரித்துக்கொண்டே போய், புதைக்க இடமில்லாமல் ஆகியிருந்தது. கண்டிப் பக்கத்துக் கார்மெண்ட் ஒன்று, லெகின்ஸ் வெட்டி மிஞ்சிய இழுபடும் துணியைக் கொட்ட இடம் தேடிக்கொண்டிருந்தது. தோட்டத்துத் தலைவரான வீரையா அதை லொறி லொறியாக வரவழைத்தார். "துணிதானப்பா, ரெண்டு மழையில மக்கிரும்" என்று சொல்லிப் பள்ளத்தை நிரப்பி மேலே மண் போட்டார். பழைய நூல் சேலைகள் வாழைக்கடியில் மக்கிப்போவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள், யாரும் மறுத்துப் பேசவில்லை. அந்த இடத்தில் முதலில் படுத்தவரும் அவர்தான்.

மகள் லோஜினி அதே துணியைத் தைக்கிறவள். குழியோரத்தில் கையைவிட்டு ஒரு துண்டை எடுத்தாள். ரோஸ் நிறம் கொஞ்சமும் மங்கவில்லை. இழுத்தாள், நீண்டது, விட்டாள், சுருங்கியது. "அம்மா, இது பிளாஸ்டிக்கு. நாம செத்தாலும் இது சாகாது" என்றாள். கீழே லயத்து வீடுகளுக்கு வரும் ஓடைத் தண்ணீரை வடித்தால் முடியைவிட மெல்லிய இழைகள் நின்றன. துணியைத் தோண்டி எடுத்தால் மேலேயுள்ள பழைய குழிகளெல்லாம் சரிந்துவிடும். பாறாங்கல் ஏற்றினார்கள், கல்லையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார் வீரையா.

மனைவி வேலாயிக்கு ஒரே கவலை. போகாத மனுஷனுக்கு எப்படிக் கருமாதி செய்வது? செய்யாவிட்டால் அவர் எங்கே போய் நிற்பார்? சோறு இறங்கவில்லை, கொழுந்தெடுக்கக் கை ஓடவில்லை. பார்க்கவே பாவமாக இருந்தது. கருமாதியன்று காலையில் படையலைத் தூக்கிக்கொண்டு நேரே மயானத்துக்குப் போய், பெட்டிமேல் கையை வைத்தாள்.

"நீங்க செஞ்ச வேலதானே இது? கோவிச்சுக்காம எறங்குங்க. நாளைக்கி நான் வர்றேன்."

பெட்டி மெதுவாக இறங்கியது. கருமாதியும் குறையில்லாமல் முடிந்தது.

இப்போதும் காலையில் வீரையா வருகிறார். வேலாயி கொழுந்தெடுக்க மலைக்குப் போகிற வழியில் தேத்தண்ணி வைத்து, லயத்துச் சங்கதிகளைச் சொல்லி, பெட்டியை உள்ளங்கையால் அழுத்திவிட்டுப் போகிறாள். லயத்தில் எல்லோரும் தண்ணீரை வடித்துக் குடிக்கப் பழகிவிட்டார்கள். போன மாதம் வேலாயி தனக்கும் ஓர் இடம் பார்த்துவைத்தாள். லோஜினியைக் கூட்டிப்போய், மண்ணைக் காலால் அமுக்கி அமுக்கிப் பார்த்து, துணி ஆகக் கூடுதலாக இருக்கும் இடத்தைக் காட்டியிருக்கிறாள்.