நான்காவது விசில்

மூன்றாவது விசில் கிட்டுசாமியின் முதுகில் வந்து அடித்தது.

பந்து காலடியில் இருந்தது. நடுவே ஒரே ஒரு ஆள், அதுவும் இரண்டு முழங்காலும் மாற்றிக்கொண்ட பஞ்சாபிக்காரர். இன்னும் நாலு எட்டு வைத்தால் கோல். திரும்பிப் பார்த்தார். நடுவர் வாஞ்சிநாதன் நீல அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஓடினீங்க சார். அவுட்."

"நானெங்கீங்க ஓடுனேன்? நடந்துதானுங்க வந்தேன்!"

ஃப்ரீமான்ட்டின் அந்தப் பூங்காவில் செவ்வாய், வியாழன் காலைகளில் அறுபது தாண்டியவர்கள் ஆடுவது நடைக் கால்பந்து. ஓடக் கூடாது. எந்த நேரமும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். மீறினால் விசில். ஒரே ஆட்டத்தில் மூன்று விசில் வாங்கினால் வெளியே. சனிக்கிழமை சான் ரமோன் அணியோடு போட்டி. இன்று வெளியே போகிறவருக்கு அந்த அணியில் இடம் கிடையாது என்று காலையிலேயே வாஞ்சிநாதன் எல்லோருக்கும் சொல்லியிருந்தார்.

கிட்டுசாமிக்கு எழுபத்தொன்று. போத்தனூர் ரயில்வே அணியில் பதினெட்டு வருடம் லெஃப்ட் விங். வீட்டை விற்றுவிட்டு, கிரீன் கார்டு வாங்கி, மகன் இனியனோடு வந்து சேர்ந்து மூன்று வருடமாகிறது. மகனும் மருமகளும் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் இருட்டும்போதுதான் கார் சத்தம் கேட்கும். வாரத்தில் இரண்டு காலை, மொத்தம் நாலு மணி நேரம், "கிட்டு! பாஸ்!" என்று யாராவது கத்துவார்கள். அதற்காகவே திங்கட்கிழமை இரவே ஷூவைத் துடைத்து வாசலில் வைத்துவிடுவார்.

"போத்தனூர் எக்ஸ்பிரஸ் எந்த ஸ்டேஷன்லயும் நிக்காதுப்பா!" என்றார் கூட ஆடும் சபரி. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"என்னைய ஏமாத்துக்காரன்னு சொல்றீங்களா? என்ற சம்சாரம் வீடியோ எடுத்திருக்கா. பாத்துரலாம் வாங்க. மரகதம்! போனக் கொண்டா."

கோட்டுக்கு வெளியே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த மரகதம் எழுந்திருக்கவில்லை. போத்தனூரில் இருக்கும் தங்கைக்கு அனுப்புவதற்காக ஒவ்வொரு ஆட்டத்தையும் படம் பிடிப்பவள் அவள். இப்போது போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

"ஊட்டுக்குப் போயி பாத்துக்கலாமுங்க."

"கொண்டாங்கறேன்!"

எல்லோரும் சூழ்ந்து நின்றார்கள். திரையில் பந்து அவரிடம் வந்தது. முதல் இரண்டு எட்டும் ஒழுங்கான நடை. மூன்றாவது கொஞ்சம் குட்டை. நாலாவது இன்னும் குட்டை. அதற்குப் பிறகு, உடம்பு முன்னால் சாய்ந்துவிட, விழாமல் தாங்கிப் பிடிப்பதற்காகக் கால்கள் அதன் பின்னாலேயே குறுகுறுவென்று ஓடின. இடது கை வீசிக்கொண்டிருந்தது. வலது கை மடங்கி வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது, விரித்த குடை ஒன்றைப் பிடித்திருப்பதுபோல.

தன்னுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு வேறு யாரோ ஒரு கிழவன் போகிறான் என்றுதான் கிட்டுசாமிக்கு முதலில் தோன்றியது.

சபரியின் சிரிப்பு நின்றது.

கோல்கீப்பர் சுந்தரராமன் கையுறைகளைக் கழற்றினார். முப்பது வருடம் நரம்பு டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "இன்னொரு தரம் போடுங்கோ மாமி" என்றார். இரண்டாவது முறை பார்க்கும்போது அவர் கால்களைப் பார்க்கவில்லை. கையை மட்டும் பார்த்தார்.

"கிட்டு சார், வாசனையெல்லாம் தெரியறதா?"

"ஏன் தெரியாம? நல்லாத் தெரியுதுங்க."

"பால் தீஞ்சு பொகையறப்பக்கூடப் பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருப்பாருங்க டாக்டர்." மரகதம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ரெண்டு வருசமாச்சுங்க."

சுந்தரராமன் வாஞ்சிநாதனிடமிருந்து வருகைப் பதிவு அட்டையை வாங்கினார். ஆட வருகிறவர்கள் தினமும் கையெழுத்துப் போடும் தாள்கள். பின்னாலிருந்து புரட்டினார். ஜனவரியில் கிட்டுசாமி என்ற பெயர் கட்டத்துக்குள் அடங்காமல், மீசையை முறுக்கிக்கொண்டு அடுத்த ஆளின் இடத்துக்குள் போயிருந்தது. ஏப்ரலில் கட்டத்துக்குள் நின்றது. இன்றைய தாளில் ஒரு மூலையில் செத்த எறும்புபோலச் சுருங்கிக் கிடந்தது.

"நீங்க ஓடலை சார். நிறுத்த முடியாம காலே போயிண்டிருக்கு. கை, வாசனை, கையெழுத்து எல்லாம் சேத்துப் பாத்தா பார்க்கின்சன்ஸா இருக்கலாம், நரம்பு வியாதி. இந்த வாரமே காட்டிடுங்கோ. நான் டாக்டர் பேர் தரேன்."

"மாத்தர போட்டா செரியாப் போயிருமுங்களா?"

"கட்டுல வெச்சுக்கலாம்."

"ஆடலாமுங்களா?"

"பேஷா ஆடலாம். உடம்புக்கு நல்லதுதான்."

கிட்டுசாமி வாஞ்சிநாதனைப் பார்த்தார். "சனிக்கெழமை?"

வாஞ்சிநாதன் ஷூ லேஸைப் பார்த்தார். "அங்க ரெஃப்ரி வேற ஆளு சார்... நீங்க எங்ககூட வேன்ல வாங்க. பெஞ்ச்ல உக்காருங்க. நீங்க இருந்தா எங்களுக்கு ஒரு தெம்பு." நீல அட்டையை மடித்துப் பாக்கெட்டில் திணித்தார். "இப்ப உள்ள வாங்க, ஆடுங்க. இனிமே உங்களுக்கு விசில் கிடையாது."

பத்து நிமிடத்துக்கு முன்னால் வரை கிட்டுசாமி ஒரு ஏமாற்றுக்காரர். அந்தப் பட்டத்தை அவர்கள் திருப்பித் தரமாட்டார்களா என்று இருந்தது. மரகதம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "போலாமுங்க" என்றாள். அவர் காதில் வாங்காமல் கோட்டைத் தாண்டி உள்ளே போனார்.

ஆட்டம் தொடங்கியது. எடுத்த எடுப்பிலேயே பந்து அவரிடம் வந்தது. சபரிதான் உருட்டிவிட்டார், குழந்தைக்கு உருட்டிவிடுவதுபோல. யாரும் பெயர் சொல்லிக் கத்தவில்லை.

ஒன்று. இரண்டு. மனதுக்குள் எண்ணிக்கொண்டே நடந்தார். மூன்று, நாலு, பாதம் முழுவதும் பதிய வைத்து. ஐந்தில் எண்ணிக்கை முந்தியதா கால் முந்தியதா தெரியவில்லை. புல் வேகமாகப் பின்னால் போகத் தொடங்கியது.

பஞ்சாபிக்காரர் ஒதுங்கி வழிவிட்டார். சுந்தரராமன் கோலை விட்டு ஓரமாக நகர்ந்து, இரண்டு கைகளையும் அவரை நோக்கி நீட்டியபடி நின்றார். தடுப்பதற்கு நீட்டிய கைகள் இல்லை அவை. பந்து கிட்டுசாமியின் காலில் பட்டுத் தானாகவே வலைக்குள் உருண்டது.

விசில் வரும் என்று கிட்டுசாமி காத்திருந்தார். அடிடா வாஞ்சி. அடி.

நீட்டிய கைகளைத் தாண்டினார். கோல் கம்பத்தைத் தாண்டினார். பின்னால் மரகதம், "ஏனுங்க... ஏனுங்க..." என்று கூப்பிடுவது கேட்டது. எதிரே கம்பி வேலி வந்தது. நல்ல வேளை, வேலி வந்தது. பத்து விரல்களையும் அதன் ஓட்டைகளுக்குள் நுழைத்து இறுகப் பிடித்துக்கொண்டார். உடம்பு நின்றது. கீழே, உலர்ந்த புல்லின் மேல், அந்த இரண்டு துடைத்த ஷூக்களும் நின்ற இடத்திலேயே இன்னும் போய்க்கொண்டிருந்தன.