தேவசகாயத்துக்குக் கைதட்டினார்கள்

தேவசகாயம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். எதிரில் இருந்த பதினாலு அமெரிக்கப் பிள்ளைகளும் படபடவென்று கைதட்டினார்கள்.

நடுவில் நின்றவள் மெர்சி, அவர் பெற்ற மகள். அப்பா தமிழில் சொல்வதை இங்கிலீஷில் சொல்வதுதான் அவளுக்கு அன்றைய வேலை. விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, மாதனூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் மூன்று வருஷமாகத் தையல் பிசகு பார்க்கிறாள். படித்த படிப்புக்கு நல்ல வேலைதான் போங்கள்! ஆறரை மணிக்குக் கம்பெனி பஸ், நாள் முழுக்கப் பசை நாற்றம், சாயங்காலம் தலைவலி. காட்டுயிர்ப் பாதுகாப்பும் பண்பாடும் என்று மூன்று வாரப் படிப்புக்காக ஓர் அமெரிக்கக் கல்லூரி ஒடுகத்தூர் மலையடிவாரத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிவந்தது. மொழிபெயர்க்க ஆள் தேடினார்கள். மெர்சி லீவு போட்டுவிட்டு ஓடினாள். நன்றாகச் செய்தால் வருஷம் முழுக்கக் களப்பணி வேலையே தருவதாக அவர்களுடைய பேராசிரியை டயான் சொல்லியிருந்தாள். அந்த ஒரு வார்த்தைக்காக மெர்சி எதையும் செய்திருப்பாள். செய்தும்விட்டாள்.

பண்பாட்டுக்கு ஒரு விவசாயி வேண்டும் என்றார்கள். சொந்த அப்பாவின் நிலத்துக்கே கூட்டிவந்தாள். அப்பா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, குழி குழியாகக் கிடந்த கொல்லையில் நின்று சொன்னார்.

"ஒன்றரை ஏக்கரு கடலைம்மா. புடுங்க இன்னும் எட்டே நாளு. பன்னிக் கூட்டம் பூந்து மொத்தத்தையும் தோண்டித் தின்னுட்டுப் போய்டுச்சு. நஷ்டஈடு கேட்டு ரேஞ்சர் ஆபீசுக்கு மூணு மனு குடுத்துட்டேன், ஒருத்தனும் எட்டிப் பாக்கல. இவங்க பெரிய எடத்து ஜனங்க. எழுதிக்கச் சொல்லு. இவங்க எழுதுனா அவனுங்க அசைவானுங்க."

மெர்சி வாயைத் திறந்தாள். வந்தது கம்பெனிப் பதில்.

கம்பெனிக்குச் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் வருகிறான் என்றால் முந்தின நாளே சூப்பர்வைசர் எல்லாரையும் நிற்கவைத்துப் பாடம் எடுப்பான். தண்ணி? நல்லா இருக்கு சார். ஓவர்டைம்? இல்ல சார். குறை? ஒண்ணும் இல்ல சார். வெள்ளைக்காரன் நோட்டும் பேனாவுமாக எதிரில் நிற்கும்போது குறை சொன்னால் ஆர்டர் போகும், ஆர்டர் போனால் வேலை போகும். மூன்று வருஷத்தில் அது நாக்கிலேயே ஒட்டிக்கொண்டது.

"பன்றிகளும் இந்த மண்ணின் பிள்ளைகள்தான், அவை தின்றது போக மீதி எங்களுக்குப் போதும் என்கிறார்" என்று இங்கிலீஷில் சொன்னாள்.

"நஷ்டஈடு?" என்றாள் டயான்.

"கேட்கமாட்டார்."

"ஏன் அழுகிறார்?"

"நீங்கள் இவ்வளவு தூரம் வந்து கேட்கிறீர்களே, அந்தச் சந்தோஷம்."

அதற்குத்தான் அந்தக் கைதட்டல்.

வேன் போனதும் அப்பா கேட்டார். "நான் வயிறெரிஞ்சு சொல்றேன், அதுங்க இன்னாத்துக்கு மெர்சி கை தட்டுச்சுங்க?"

"அவங்க ஊர்ல அப்படிதான்ப்பா. கஷ்டத்தச் சொல்றவங்களுக்குத் தைரியம் சொல்ற மாதிரி."

"நல்ல ஜனங்க" என்றார். மனுஷன் அதைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இரண்டு மாதம் கழித்து மெர்சியின் போனுக்கு இரண்டு வந்தன. ஒன்று வேலை உத்தரவு. இன்னொன்று பிள்ளைகள் எழுதிய அறிக்கை. அதில் ஒன்பதாம் பக்கத்தில் வெளுத்த சட்டையில் அப்பா. கீழே, இவர் பன்றிகளோடு பகையில்லாமல் வாழ்கிறார், இழப்பீடு எதையும் விரும்பவில்லை என்று இருந்தது. அந்த வரியைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்தாள். ஆனாலும் அன்றைக்கே கம்பெனியில் கணக்கு முடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

போனில் தன் போட்டோவைப் பார்த்த அப்பா அதை பிரின்ட் போட்டுத் தரச் சொன்னார். சுவரில் மாட்டத்தான் கேட்கிறார் என்று நினைத்து, ஜெராக்ஸ் கடையில் முழுசையும் கலரில் எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் கூடவே வரச் சொன்னார். பஸ்ஸில் உட்கார்ந்ததும் மஞ்சள் பையிலிருந்து நாலாவது மனுவை எடுத்தார். பின்னால் அந்த அறிக்கை, ஸ்டேப்ளர் அடித்து.

"வெள்ளைக்காரங்களே எழுதிட்டாங்க. இனிமே இவனுங்க இன்னா பதில் சொல்லுவானுங்க?"

அடுத்த ஸ்டாப்பில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள் பாவி மகள். ஸ்டாப் வந்தது, போனது. அதற்கடுத்ததும் போனது.

ரேஞ்சர் தமிழ் மனுவை அப்படியே புரட்டிவிட்டு இங்கிலீஷுக்குப் போனார். "ஒம்பதாவது பக்கம் சார், என் போட்டோ இருக்குது" என்று அப்பா எட்டித் தானே பிரித்துக் காட்டினார். ரேஞ்சர் படித்தார். இன்னொரு தடவை படித்தார். முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது.

"இதுல இன்னா எழுதியிருக்குன்னு தெரியுமா பெரியவரே?"

"தெரியாம இன்னா சார்? எம்பொண்ணுதானே பக்கத்துல நின்னு சொன்னா." அப்பா நிமிர்ந்து சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "மெர்சி, சாருக்குப் படிச்சுச் சொல்லும்மா."

ரேஞ்சர் காகிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அப்பாவின் விரல் இன்னும் போட்டோவின் மேலேயே இருந்தது, அதற்குக் கீழே முதல் வரி.