அறுபதில் ஓடிய வீடு

அவரை எல்லோரும் லாபம் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும், வாங்கியதற்கு மேல் எதையாவது கறக்காமல் படி இறங்கமாட்டார். பல் பிடுங்கப் போனால் பக்கத்துப் பல்லையும் சேர்த்துப் பிடுங்கச் சொல்வார் என்பது அவர் மனைவியின் கட்சி. தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற அன்று ஒரு சுவர்க் கடிகாரம் பரிசளித்தார்கள். அதோடு, அதை வைத்திருந்த மேசையின் விரிப்பையும் சுருட்டிக் கொண்டுவந்தவர் அவர்.

ஓய்வுக்குப் பிறகு ஊருக்கு வெளியே, புதிதாக மனை பிரித்த இடத்தில் வீடு கட்டினார். மின்கம்பம் நட்டிருந்தார்கள். கம்பத்தின் உச்சியில் காக்கைகள் பேரன் பேத்தி எடுத்துவிட்டன, கம்பி மட்டும் வந்தபாடில்லை. மாடியில் சோலார் தகடு, கீழே பேட்டரி, நடுவில் ஓர் இன்வெர்ட்டர் என்று முடிவாயிற்று. பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றித் தரும் அந்தப் பெட்டியை வாங்க லாபமும் மனைவியும் கடைக்குப் போனார்கள்.

கடைக்காரம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "என்னென்ன ஓடணும் சார்?"

"எல்லாம் ஓடணும்."

"எல்லாம்னா? ஃபேன் எத்தனை, ஃப்ரிட்ஜ் உண்டா, தண்ணி மோட்டார் உண்டா?"

"மோட்டார் உண்டு. ஆனா அது சின்ன மோட்டார்தான்."

"சின்னதோ பெருசோ, கிளம்பும்போது மூணு பங்கு இழுக்கும். அதைத் தாங்குற பெட்டியா எடுங்க. கரண்ட் அலை சுத்தமா வர்ற வகையா இருக்கணும், இல்லேன்னா ஃபேன் எல்லாம் முனகும்."

"வீட்ல முனக ஏற்கெனவே ஆள் இருக்கு" என்றார் லாபம். மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் மூன்று பங்கு கரண்ட் இருந்தது.

பெட்டி தேர்வாயிற்று. பின்பக்கம் ஒரு குட்டி ஸ்விட்ச். ஒரு பக்கம் ஐம்பது, மறுபக்கம் அறுபது.

"இது என்ன?"

"கரண்ட் ஒரு செகண்டுக்கு எத்தனை தரம் துடிக்கணும்ங்கிறது. அம்பதுலயே இருக்கட்டும், நம்ம சாமான் எல்லாம் அம்பதுக்குச் செஞ்சது."

"அறுபதுக்கு வெச்சா கூடுதல் விலையா?"

"விலை என்ன விலை, ஒரே பெட்டிதானே."

லாபம் காசை எண்ணிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பெட்டியை மாட்டப் போகும்போது, ஆணி எடுத்து வர மனைவி உள்ளே போன நேரம் பார்த்து, ஸ்விட்சை அறுபதுக்குத் தள்ளினார். அதே காசுக்குப் பத்து அதிகம். அந்தப் பத்தை எவனுக்கு விட்டுவிட்டு வருவது?

ஃபேன் வேகமாகச் சுற்றியது. லாபத்துக்குப் பரம சந்தோஷம். பரிசுக் கடிகாரம் பிளக்கில் செருகி ஓட்டும் ரகம், கரண்டின் துடிப்பை எண்ணித்தான் முள்ளை நகர்த்தும். அது காலைப் பலகாரத்துக்கே மத்தியானத்தைக் காட்டியது. தினமும் முள்ளைத் திருப்பி வைத்தார். கடிகாரத்தைத் திருத்த முடிந்தது. வாசல் பெல்லைத்தான் திருத்த முடியவில்லை.

முதலில் பெல் அடித்தது, போய்ப் பார்த்தால் ஆள் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தபால்காரர் வந்தார். பொத்தானை அழுத்தினார். சத்தம் வரவில்லை. "பெல் ரிப்பேரா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அடுத்து பால்காரர். மணி முதலில், ஆள் பிறகு. ஆள் வந்து அழுத்தும்போது பெல் ஊமையாக இருந்தது. அடிக்க வேண்டியதை முன்கூட்டியே அடித்துத் தீர்த்துவிட்டது போல.

"ஏங்க, இது நல்லா இல்ல" என்றாள் மனைவி.

"எது நல்லா இல்ல? ஆளு வர்றதுக்கு முன்னாடியே டீ போட்டு வெச்சுக்கலாம். எந்தக் கடையில குடுப்பான் இதை?"

ஆனால் இடைவெளி வளர்ந்துகொண்டே போனது. டீ போட்டு, ஆறி, கொட்டி, மறுபடி போடும் அளவுக்கு வளர்ந்தது. பிறகு இன்றைக்கு அடித்தால் நாளைக்கு ஆள் வந்தார். ஒரு சாயங்காலம் லாபம் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது பெல் நீளமாக அடித்தது. மூன்று வீட்டுப் பெல்லைச் சேர்த்து ஒரே மூச்சில் அடிப்பதுபோல, விரலை எடுக்காமல். அப்படி அடிக்கிற ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். மெயின் ரோடு வரை நடந்து போய்ப் பேப்பர் வாங்கிக்கொண்டு திரும்பும் லாபம்.

லாபம் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். வாசல் மிதியடி மேல் யாரும் இல்லை. தான் உள்ளே இருக்கும்போதே தான் வந்து நிற்பதைக் கேட்பது அவருக்கு என்னவோ போல் இருந்தது. அன்றைக்கு மட்டும் பேப்பரை ஓர் எழுத்து விடாமல் படிக்கவில்லை, மடித்து வைத்தார்.

மனைவி பெட்டியைத் திருப்பிப் பார்த்து ஸ்விட்சைக் கண்டுபிடித்தது அதற்குப் பிறகுதான். அன்று வீட்டில் நடந்த கச்சேரியில் கம்பத்துக் காக்கைகளே இடம்பெயர்ந்தன. ஸ்விட்ச் ஐம்பதுக்கு வந்தது. லாபம் கடைக்கு ஃபோன் போட்டு, கடிகாரத்தைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டார்.

"அம்பதுல வெச்சா இனிமே ஏறாது சார்" என்றாள் கடைக்காரம்மா. "ஏறினது ஏறினதுதான்."

அப்படியே ஆயிற்று. பெல் நான்கு நாள் முன்னால் போய் நின்றுகொண்டது. ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்கு வரும் மச்சானின் அடி, நாலு துள்ளல் அடி, புதன்கிழமையே கேட்டுவிடும். லாபத்தின் நீள அடி தினமும் சாயங்காலம், நாலு நாள் கழித்து வரப்போகிற லாபத்துக்காக. அதுவும் பழகிப்போனது. மனுஷனுக்கு எதுதான் பழகாது?

ஒரு புதன்கிழமை மத்தியானம் பெல் அடித்தது. மச்சான் அடிக்கிற நேரம். ஆனால் துள்ளல் இல்லை. ஒரே ஒரு அடி, தூங்குகிற குழந்தையைத் தாண்டிப் போகிறவன் மாதிரி.

"என் தம்பி இப்படி அடிக்கமாட்டானே" என்றாள் மனைவி.

சாயங்காலம் நீள அடி வரவில்லை. இருவரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். டீயில் ஆடை கட்டியது. பெல் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலை பால்காரர் அடி வந்தது, தபால்காரர் அடி வந்தது. சாயங்காலம் மறுபடி ஒன்றும் இல்லை. வரப்போகிற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஊர் உலகமெல்லாம் அந்த வீட்டுப் பெல்லை அடிக்கப்போகிறது. வீட்டுக்காரர் மட்டும் அடிக்கப்போவதில்லை.

"ஞாயித்துக்கிழமை நான் எங்க போயிடுவேன்?" என்று கேட்டுவிட்டார் லாபம். கேட்ட பிறகு ஏன் கேட்டோம் என்று இருந்தது. மனைவி டம்ளரைக் கழுவப் போனாள். கழுவிய டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

லாபம் ஸ்டூல் போட்டு ஏறி பெல்லுக்கு நேராக முகத்தை வைத்தார். "இந்தா பாரு. திங்கக்கிழமை சாயங்காலம் வந்து அடிப்பேன். சத்தியமா அடிப்பேன்."

நாலு நாள் கழித்து அடிப்பது உண்மையானால் இப்போதே கேட்க வேண்டும். கேட்கவில்லை.

"சரி, ரெண்டு தரம் அடிக்கிறேன்."

கடிகார மோட்டார் மட்டும் கிர்ரென்றது.

"பத்து தரம்! ராத்திரி பூரா விரலை எடுக்கமாட்டேன், போதுமா?"

வாழ்நாளில் அவர் பேரம் படியாத இடம் அது ஒன்றுதான். ஸ்டூலிலிருந்து இறங்கினார்.

"நாளைக்கே பெட்டியை மாத்திடுறேன். வேற கம்பெனி, வேற பெட்டி" என்றார்.

"மாத்தினா என்ன ஆகும்? கேக்காது, அவ்வளவுதான். கேக்கலேன்னா நடக்காதா?"

"அப்போ வீட்டை விட்டே வெளிய போகல. வெளிய போனாத்தானே வந்து அடிக்கணும்."

"எத்தனை நாளைக்கு? சாகிறவரைக்குமா?" என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வெள்ளி போயிற்று. அன்று சாயங்காலமும் பெல் மௌனம். சனிக்கிழமை காலை காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏங்க, உங்க அடி வரல. சரி. ஏன் வரலங்கிறதுக்கு அதுக்கு ஒரு காரணம் வேணும். அது போய் ஒரு காரணத்தைத் தேடுறதுக்கு முன்னாடி நாமளே ஒண்ணு குடுத்துடுவோம்."

"என்ன காரணம்?"

"நாளையிலேர்ந்து நீங்க பெல்லைத் தொடக் கூடாது. இந்த ஜென்மத்துக்கும் தொடக் கூடாது. கதவைத் தட்டுங்க. வெளிய நிக்கிற மனுஷன் கதவைத் தட்டினா பெல் எப்படி அடிக்கும்?"

லாபம் அவளை வாயைத் திறந்தபடி பார்த்தார். இத்தனை வருஷம் இந்த மூளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெண்டைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தோமே என்று இருந்தது.

ஞாயிறு மத்தியானம் கதவுக்கு வெளியே நிழல் ஆடியது. திறந்தால் மச்சான், முகம் வெளிறி நின்றான்.

"பெல் அடிச்சியாடா?"

"ஒரே ஒரு தரம், மெதுவாத்தான் அடிச்சேன்க்கா. நீ ஃபோன்ல அழுதியே... மாமா இருக்காரா?"

"இல்லேன்னா சொல்லி அனுப்பமாட்டேனா? உள்ள வாடா."

புதன்கிழமை அடித்த ஒற்றை அடிக்குக் காரணம் கிடைத்துவிட்டது. லாபத்துக்கு மூச்சு கொஞ்சம் இறங்கி வந்தது. இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் வந்தது. "போயிட்டு வாங்க" என்றாள் மனைவி. "ஒளிஞ்சுக்கிட்டு இருந்தா தட்டினதா ஆகாது. தட்டணும்."

மச்சான் துணைக்கு வருகிறேன் என்றான். அவள் வேண்டாம் என்றாள். தினமும் தனியாகப் போகிறவர் தனியாகத்தான் போய்வர வேண்டும்.

மெயின் ரோடு வரை ஒன்றும் இல்லை. பேப்பர்க்காரரிடம் பழைய பேப்பர் ஒன்றை ஓசியில் வாங்கக்கூட மறந்தார். திரும்பும்போதுதான், காலி மனைகளுக்கு நடுவில், ஜல்லி கொட்டிய பாதையில், தன் செருப்புச் சத்தம் இரண்டு காலுக்கு மேல் கேட்பதுபோல் தோன்றியது. நின்றார். சத்தம் அவருக்கு அரை அடி பின்னால் நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது எவ்வளவு பெரிய உடற்பயிற்சி என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்துக்கொண்டது.

வாசல் வந்தது. பொத்தானின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விரல் தானாக எழுந்தது. பழக்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், யோசித்துப் பாருங்கள், எந்தக் கணக்கிலும் எழுதாத ஓர் அடி அந்தப் பொத்தானுக்குள் சும்மா கிடக்கிறது! யாரும் கேட்காத, யாருக்கும் சேராத அடி. லாபம் போன்ற மனுஷன் அதை விட்டுவிட்டு எப்படிப் போவார்? விரல் நுனிக்கும் பொத்தானுக்கும் நடுவில் ஒரு தாள் நுழையாது. பின்னால் இருந்தது மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. அது காத்திருப்பது அவருக்குப் பிடரியில் குளிராகத் தெரிந்தது.

விரலை மடக்கினார். முஷ்டியாக்கினார். கதவில் தட்டினார்.

"யாரு?" உள்ளே மனைவியின் குரல்.

"நாந்தான்."

"நாந்தான்னா யாரு?"

"லாபம்டி! கதவைத் திற!" தன் பட்டப்பெயரைத் தன் வாயால் அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

கதவு திறந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை, அவர் தோளுக்கு மேலே பார்த்தாள். சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்து, கதவைச் சாத்தி, மேல் தாழ்ப்பாள் கீழ்த் தாழ்ப்பாள் இரண்டையும் போட்டாள். மூன்று பேரும் கதவுக்குப் பின்னால் நின்றார்கள். ஃபேன் ஐம்பதில் மெதுவாகச் சுற்றியது.

வெளியே ஜல்லி நறநறத்தது. பிறகு 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். பொத்தான் உள்ளே போகும் சத்தம். பெல் அடிக்கவில்லை.

"நான் அழுத்துற மாதிரியே, விரலை எடுக்காம அழுத்துது" என்றார் லாபம், உதடு அசையாமல்.

"அழுத்தட்டும்" என்றாள் அவள். காலரை மட்டும் விடவில்லை. "நாளைக்கும் வெளிய போவீங்க. நாளைக்கும் தட்டுவீங்க."

மச்சான் ஏதோ கேட்க வாயெடுத்தான். அவள் கையைத் தூக்கி அடக்கினாள். மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள், பொத்தான் திரும்பி வெளியே வரும் சத்தத்துக்காக. அது வெகுநேரம் வரவில்லை.